பேச்சைப் பிடித்துவைத்த கம்பி

1876ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் உதவியாளர் வாட்சனைத் தொலைபேசி வழியாக அழைத்தார். வேறோர் அறையில் இருந்த வாட்சனுக்கு அச்சொற்கள் தெளிவாகக் கேட்டன. தொலைபேசியில் தெளிவாகச் சென்ற முதல் வாக்கியம் அதுவே என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அந்த வாக்கியம் யாது? இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும் என்று பொருள்படும் சொற்களைப் பெல் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். வாட்சன் எழுதியதிலோ 'பார்க்க' என்ற சொல் இல்லை. நீங்கள் எனக்கு வேண்டும் என்பதே அதன் பொருள். பேசியவர் ஒருவர், கேட்டவர் ஒருவர். இருவரும் நேர்மையானவர்கள், பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லாதவர்கள். இருந்தும் ஒரு சொல் மாறிவிட்டது.

சிறிய வேறுபாடுதான். ஆனால் பேசியவர்கள் பெல்லும் வாட்சனும் அல்லர், விலை பேசி முடித்த இரு வணிகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது தீப்பிடித்த வீட்டிலிருந்து பதற்றத்தோடு முகவரி சொல்பவர் ஒருவர், அதைக் கேட்டு வண்டியை அனுப்புபவர் ஒருவர். அங்கே ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்? கடிதம் எழுதினால் தாள் மிஞ்சும். தந்தி கொடுத்தால் படிவம் மிஞ்சும். தொலைபேசியில் பேசினால் எதுவும் மிஞ்சுவதில்லை. இந்தக் குறையைப் போக்க மனிதன் செய்த முயற்சியே தொலைபேசி ஒலிப்பதிவின் வரலாறு.

இன்று இந்த வேலையைச் செய்யும் கருவி மிகச் சிறியது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் தொலைபேசிக் கம்பி, மறுபக்கத்தில் கணிப்பொறி. இதைப் பொருத்துபவர் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். பேச்சை எந்த இடத்தில் எடுப்பது? எப்போது பதியத் தொடங்குவது? அப்போது மணி என்ன? பேச்சு பதிவாவது யாருக்குத் தெரியும்? பார்ப்பதற்கு எளிய கேள்விகள். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பல பத்தாண்டுக் கால அனுபவம் இருக்கிறது. அவற்றில் சில பெருந்தவறுகளால் கற்றவை.

எடிசன் கண்ட கனவு

முதலில் முயன்றவர் தாமஸ் ஆல்வா எடிசன். 1877இல் அவர் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் அவர் ஈடுபட்டிருந்த வேலை தந்தியையும் தொலைபேசியையும் சீர்திருத்துவதே. ஆகவே ஒலிப்பதிவின் பயன்களை 1878இல் அவர் பட்டியலிட்டபோது, அதைத் தொலைபேசியோடு இணைப்பதையும் சேர்த்துக்கொண்டார். கணத்தில் மறையும் பேச்சு நிலையான ஆவணமாகும் என்பது அவர் கருத்து.

கருத்து நல்லது, கருவிதான் இடம் கொடுக்கவில்லை. எடிசனின் கருவியில் ஒலி அலைகள் ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டில் பொருத்திய ஊசி, உருளையின்மேல் சுற்றிய வெள்ளீயத் தாளில் பள்ளம் இடும். ஊசி பள்ளமிட வேண்டுமானால் குரலில் வலு வேண்டும். பேசுபவர் குழலுக்கு அருகே வாய் வைத்து உரக்கக் கத்த வேண்டும். தொலைபேசியின் செவிக்கருவியில் வருவதோ எறும்பு ஊர்வதுபோன்ற மெல்லொலி. அதனால் தாளில் பள்ளமிட முடியாது. அன்று ஒலிபெருக்கும் வால்வுகளும் இல்லை. எடிசன் தம் எண்ணத்தை விட்டுவிடவில்லை. 1914இல் 'டெலிஸ்கிரைப்' என்ற கருவியை வெளியிட்டார். செவிக்கருவியை அதில் பொருத்திப் பேசினால், பேச்சு மெழுகு உருளையில் பதியும். எனினும் அது பரவலாகப் பயன்படவில்லை.

எஃகுக் கம்பியில் ஒலி

பள்ளமிடும் வேலையே வேண்டாம், காந்தத்தால் பதியலாம் என்று முதலில் எண்ணியவர் ஆபர்லின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1878இல் எடிசனின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்த அவருக்கு இந்த யோசனை தோன்றியது. எஃகுத் தூள் கலந்த பருத்தி நூலையோ பட்டு நூலையோ மின்காந்தத்தின் ஊடே செலுத்தினால், பேச்சுக்கேற்ப ஏறி இறங்கும் மின்னோட்டம் அத்தூளைக் கூடுதலாகவோ குறைவாகவோ காந்தமாக்கும் என்பது அவர் கணிப்பு. 1888இல் இதை ஒரு மின்னியல் இதழில் எழுதி, விரும்புபவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

பத்தாண்டுகளுக்குப் பின், அதைச் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமார் பௌல்சன். இவர் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மணி அடிக்கிறது, எடுப்பதற்கு ஆளில்லை. சொல்ல வந்த செய்தி வீணாகிறது. இதை நாள்தோறும் கண்டவர் அவர். அவர் செய்த சோதனை எளியது. எஃகுக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். ஒலிவாங்கியோடு இணைத்த மின்காந்தம் ஒன்றைக் கம்பியைத் தொட்டபடி ஓடவிட்டுப் பேசினார். பிறகு ஒலிவாங்கியை நீக்கிவிட்டுச் செவிக்கருவியை இணைத்து, மின்காந்தத்தை மீண்டும் அதே வழியில் ஓடவிட்டார். சற்றுமுன் பேசிய பேச்சு செவிக்கருவியில் கேட்டது!

இதன் தத்துவம் என்ன? பேசும்போது ஒலிவாங்கியின் மின்னோட்டம் மாறுகிறது. அதற்கேற்ப மின்காந்தத்தின் வலிமை மாறுகிறது. கம்பியின் ஒவ்வொரு சிறு பகுதியும், தன்னைக் கடந்து சென்ற கணத்தின் வலிமைக்கேற்பக் காந்தமாகி அப்படியே நின்றுவிடுகிறது. திரும்பக் கேட்கும்போது அக்காந்தப் பகுதிகள் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. தொலைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஏனெனில் கம்பியில் வருவது ஏற்கெனவே மின்னோட்டம். அதை ஒலியாக்கி, ஒலியைக் கொண்டு பள்ளமிட வேண்டியதில்லை.

1898 டிசம்பர் 1ஆம் நாள் பௌல்சன் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கருவிக்கு 'டெலிகிராஃபோன்' என்று பெயரிட்டார். 1900இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. காட்சிக்கு வந்த ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதில் சில சொற்கள் பேசினார். காந்த ஒலிப்பதிவுகளுள் இன்றுவரை அழியாமல் இருக்கும் மிகப் பழைய பதிவு அதுவே. பேரரசு மறைந்துவிட்டது; கம்பியில் குரல் இருக்கிறது.

ஆயினும் டெலிகிராஃபோன் வெற்றி பெறவில்லை. ஒலிபெருக்கி இல்லாததால் காதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். அதிலும் ஒலி மங்கல். கம்பி வேகமாக ஓடவேண்டியிருந்ததால், அரைமணி நேரப் பேச்சுக்குக் கிலோமீட்டர் கணக்கில் கம்பி தேவைப்பட்டது. கம்பி அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். முறுக்கிக்கொண்டால் சிக்கெடுக்க வேண்டும். 1903இல் அமெரிக்காவில் இதற்கென்று தொடங்கிய கம்பெனி பொருளாதார நெருக்கடியில் சிக்கி நலிந்தது.

பௌல்சனின் முறையில் மற்றொரு தன்மையும் உண்டு. வேண்டாத பேச்சைக் காந்தத்தால் அழித்துவிட்டு அதே கம்பியில் மீண்டும் பதியலாம். மெழுகில் கீறியதை இப்படித் தடயமின்றி அழிக்க முடியாது. இது பெரிய வசதி. ஆனால் அழிக்கக்கூடிய ஆவணத்தை எப்படி நம்புவது என்ற கேள்வியும் அன்றே பிறந்துவிட்டது.

'பீப்' என்னும் எச்சரிக்கை

1930களில் வால்வு ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. தொலைபேசி ஒலிப்பதிவு தழைத்திருக்க வேண்டிய காலம் அது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்பவர், காந்த நாடாவைக் கொண்டு, ஆளில்லாதபோது செய்தியைப் பதிந்துவைக்கும் கருவியைச் செய்தே விட்டார். ஆனால் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி.அண்ட்.டி. என்ற தொலைபேசி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. அறிவியல் தடை எதுவும் இல்லை, அச்சமே தடை. பேசுவதெல்லாம் பதிவாகும் என்று தெரிந்தால் மக்கள் தொலைபேசியில் மனம் விட்டுப் பேசமாட்டார்கள், வணிகர்கள் கடிதத்திற்கே திரும்பிவிடுவார்கள் என்று நிறுவனம் எண்ணியது. இச்செய்தி பல பத்தாண்டுகள் கழித்து அந்நிறுவனத்தின் பழைய ஆவணங்களிலிருந்துதான் வெளிவந்தது.

அந்த அச்சத்தை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நீங்களே எண்ணிப் பாருங்கள். நண்பரிடம் பேசும்போது வாய் தவறி ஒரு சொல் வரும், கோபத்தில் ஒன்று சொல்வோம், மறுநிமிடமே வருந்துவோம். பேச்சு மறைந்துபோகிறது என்பதால்தான் நாம் அச்சமின்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சு ஒரு பெட்டியில் அடைபட்டிருக்கிறது என்றால்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவிகள் பெருகின. ஜெர்மனியில் பிளாய்மர் என்பவர் 1928இல் காட்டிய தாள் நாடா, 1935இல் 'மாக்னெட்டோபோன்' என்ற டேப் ரிகார்டராக வளர்ந்திருந்தது. போர் முடிந்ததும் அம்முறை உலகெங்கும் பரவியது. தொலைபேசியோடு இத்தகைய கருவிகளை இணைப்பதை இனித் தடுக்க முடியாது என்ற நிலையில், 1947இல் அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம் ஒரு வழி கண்டது. பதியலாம், ஆனால் பதியும்போது ஏறத்தாழ 15 வினாடிக்கு ஒருமுறை இருவருக்கும் கேட்கும்படி 'பீப்' என்ற ஒலி எழ வேண்டும். அவ்வொலி கேட்டால், பேச்சு பதிவாகிறது என்று எதிர்முனையில் இருப்பவர் அறிந்துகொள்வார். பேச விரும்பாவிட்டால் கருவியை வைத்துவிடலாம். நிறுவனங்களுக்குத் தொலைபேசி செய்தால், உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஒரு குரல் அறிவிக்கிறதே, அது இந்தப் 'பீப்' ஒலியின் வழித்தோன்றல் எனலாம்.

டல்லாஸ் நகரத்துப் பதிவு

1947இல் 'டிக்டாபெல்ட்' என்ற மற்றொரு கருவியும் வந்தது. இதில் ஒரு பிளாஸ்டிக் பட்டையின்மேல் ஊசி பள்ளத்தை அழுத்திப் பதிக்கும். அழிக்க முடியாது, அதுவே அதன் சிறப்பு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் கென்னடியும் ஜான்சனும் தம் தொலைபேசிப் பேச்சுக்களை இத்தகைய பட்டைகளில் பதிந்துவைத்தார்கள். காவல் நிலையங்களும் தம் வானொலித் தொடர்புகளைப் பதிய இதைப் பயன்படுத்தின. அப்படிப்பட்ட ஒரு பட்டை உலகத்தையே குழப்பியது. தொலைபேசிப் பதிவுக்கும் பாடமாக அமைந்த கதை அது.

1963 நவம்பர் 22ஆம் நாள் டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நேரத்தில் நகரக் காவல்துறையின் வானொலியில் இரண்டு வழிகள் இயங்கிக்கொண்டிருந்தன. முதல் வழி டிக்டாபெல்ட்டிலும், இரண்டாம் வழி 'ஆடோகிராஃப்' என்ற தட்டுக் கருவியிலும் பதிவாயின. காவலர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஒலிவாங்கிப் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டதால், முதல் வழியில் சில நிமிடங்கள் எஞ்சின் இரைச்சலே பதிவாகியிருந்தது.

இந்த இரைச்சலுக்கிடையே துப்பாக்கி வெடியைப் போன்ற சில அதிர்வுகள் இருப்பதாக, 1978இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றுக்கு ஒலியியல் வல்லுநர்கள் தெரிவித்தார்கள். அவற்றுள் ஒன்று வேறொரு திசையிலிருந்து வந்தது என்றும் கணக்கிட்டார்கள். அப்படியானால் சுட்டவர் ஒருவர் அல்லர், இருவர்! பெரும்பாலும் இந்தச் சான்றை வைத்தே, கொலையில் சதி இருந்திருக்கக் கூடும் என்று அக்குழு 1979இல் அறிவித்தது.

ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், டிரம் வாசிப்பவர், ஒரு பத்திரிகையோடு இணைப்பாக வந்த அப்பதிவின் படியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். அதிர்வுகள் இருந்த அதே இடத்தில், மிக மங்கலாக ஒரு மனிதக் குரலும் கேட்பதை அவர் காது பிடித்தது. அது இரண்டாம் வழியில் பேசப்பட்ட பேச்சு. திறந்து கிடந்த ஒலிவாங்கியின் அருகே இருந்த ஏதோ ஒரு காவல்துறை வானொலிப் பெட்டியிலிருந்து அது முதல் வழிக்குள் கசிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் நியமித்த குழு இதை ஆராய்ந்தது. குழுவின் தலைவர் நார்மன் ராம்சே. அணுக் கடிகாரங்களுக்கு அடிப்படையான ஆய்வுகளைச் செய்தவர். 1989இல் நோபல் பரிசு பெற்றவர். கசிந்த அக்குரல் இரண்டாம் வழியில் எப்போது பேசப்பட்டது? குடியரசுத் தலைவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி கட்டளை பிறந்த பிறகு. அதாவது, சுடப்பட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து. ஆகவே அந்த அதிர்வுகள் கொலை நிகழ்ந்த நேரத்துக்குரியவை அல்ல என்று குழு 1982இல் முடிவு கூறியது. 2001இல் ஓர் ஆய்வாளர் இதை மறுத்தார். 2005இல் அக்குழுவைச் சேர்ந்தவர்கள் தம் முடிவை மீண்டும் நிலைநாட்டி எழுதினார்கள்.

இக்குழப்பத்திற்கு இடம் கொடுத்தது எது? அந்தக் கருவிகள் நேரத்தைப் பதியவில்லை. காவல் நிலைய ஊழியர் அவ்வப்போது வாயால் சொன்ன மணியே ஒரே அடையாளம். நிலையத்துக் கடிகாரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மேலும் அக்கருவிகள், குரல் கேட்டால் ஓடும், சில வினாடி அமைதி நிலவினால் தாமே நின்றுவிடும் வகையைச் சேர்ந்தவை. நின்ற நேரம் எவ்வளவு என்று பட்டையைப் பார்த்து அறிய முடியாது. ஒலி தெளிவாக இருந்தது; நேரம் இல்லை. ஒரே ஒரு நிமிடம் தெரியாததால், ஒரு நாட்டின் வரலாறே வேறு விதமாக எழுதப்பட இருந்தது.

எண்ணாக மாறிய குரல்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். குரலைக் கணிப்பொறியில் வைக்க வேண்டுமானால் முதலில் அதை எண்களாக மாற்ற வேண்டும். இதற்கு வழி கண்டவர் இங்கிலாந்துப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். ஆண்டு 1937. அவர் நோக்கம் பதிவு செய்வதன்று. நெடுந்தொலைவு செல்லும் பேச்சில் இரைச்சல் சேராமல் தடுப்பதே.

தொலைபேசியில் செல்லும் குரலின் அதிர்வெண் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அலையை அளந்து குறித்துக்கொண்டால், அந்த எண்களிலிருந்தே அலையைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. 3400இன் இருமடங்கு 6800. சற்றுத் தாராளமாக, வினாடிக்கு 8000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில், அதாவது ஒரு பைட்டில் குறிக்கிறார்கள். ஆக வினாடிக்கு 8000 பைட்டு.

கணக்கைத் தொடர்ந்து போடுங்கள். ஒரு நிமிடத்திற்கு 4,80,000 பைட்டு. ஒரு மணிக்கு 2,88,00,000 பைட்டு. 1983இல் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணிப்பொறியின் வன்தட்டு 10 மெகாபைட்டு கொண்டது. அதை முழுவதும் காலி செய்து பதிந்தாலும் இருபது நிமிடப் பேச்சுக்கு மேல் கொள்ளாது. 1.44 மெகாபைட்டு நெகிழ்தட்டில் மூன்றே நிமிடம். எண்முறைப் பதிவு அறிவியலில் எப்போதோ வந்துவிட்டாலும், சாதாரணக் கணிப்பொறியோடு இணைக்கும் பதிவுப் பெட்டி 1990களில்தான் பரவியதற்கு இதுவே காரணம். ஒருபுறம் வன்தட்டு பெரிதாயிற்று. மறுபுறம் குரலைச் சுருக்கும் முறைகள் வந்தன. ஜி.எஸ்.எம். கைப்பேசிக்கென்று வகுத்த முறை வினாடிக்கு 64,000 பிட்டை 13,000 பிட்டாகக் குறைத்தது. ஒரு மணி நேரப் பேச்சு ஆறு மெகாபைட்டுக்குள் அடங்கியது.

பெட்டியைப் பொருத்தும்போது

இப்போது அந்தச் சிறு பெட்டியைக் கையில் எடுப்போம். முதற் கேள்வி, எங்கே இணைப்பது? பழைய நாளில் ரப்பர் குமிழோடு கூடிய கம்பிச் சுருளைத் தொலைபேசியின்மேல் ஒட்டவைத்து, கசியும் காந்தப் புலத்திலிருந்து பேச்சை எடுப்பார்கள். ஒலியோடு மின்விளக்கின் 'உம்' என்ற இரைச்சலும் வரும். இன்றைய பெட்டி நேரே இருகம்பி இணைப்போடு சேர்கிறது. இதில் கவனம் வேண்டும். பேசாதபோது அக்கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 48 வோல்ட்டு நேர்மின்னழுத்தம் நிற்கும். மணி அடிக்கும்போது 75 வோல்ட்டுக்கும் அதிகமான மாறுமின்னழுத்தம் வரும். கணிப்பொறியின் ஒலி நுழைவாயில் எதிர்பார்ப்பதோ ஒரு வோல்ட்டு அளவே. ஆகவே பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுக்கிறது; ஒரு சிறு மின்மாற்றி, உலோகத் தொடர்பு இல்லாமல் பேச்சை மட்டும் அப்பால் தருகிறது. இவை இல்லாமல் வெறும் கம்பியால் இணைத்தால் முதல் மணியிலேயே கணிப்பொறி பழுதாகலாம்.

நம் குரலும் எதிர்முனைக் குரலும் அதே இரு கம்பிகளில்தான் வருகின்றன. நம் குரல் அருகிலிருந்து வருவதால் உரத்திருக்கும். மற்றது பல கிலோமீட்டர் கடந்து தேய்ந்து வரும். நம் குரலுக்கு ஏற்ப அளவை வைத்தால் மறுமுனை கேட்காது. மறுமுனைக்கு ஏற்ப வைத்தால் நம் குரல் உச்சத்தில் முட்டிக் கரகரக்கும். தானாகவே ஏற்றி இறக்கும் அமைப்பு பெட்டியில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையேல் ஒரு நண்பரோடு சோதனையாகப் பேசி, இரு குரலும் புரியும் நடு அளவைக் கண்டுகொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி, எப்போது தொடங்குவது? குரல் கேட்டால் தொடங்கு என்று வைக்கலாம். அப்படி வைத்தால் முதல் அசை தப்பிப்போகும். டல்லாஸில் நடந்ததுபோல் இடையிலுள்ள அமைதியும் மறைந்துபோகும். பேச்சில் அமைதிக்கும் பொருள் உண்டு. கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்வதும் ஐந்து வினாடி தயங்கிச் சொல்வதும் ஒன்றாகுமா? இதைவிட நல்ல வழி, மின்னழுத்தத்தைக் கவனிப்பது. கருவியை எடுத்தவுடன் 48 வோல்ட்டு பத்து வோல்ட்டு அளவுக்கு இறங்கிவிடும். வைத்தவுடன் பழையபடி ஏறும். இடையில் 20 வோல்ட்டு அளவில் எல்லை வைத்தால், எடுத்தது முதல் வைத்தது வரை முழுப் பேச்சும் இடைவெளியின்றிப் பதிவாகும்.

மூன்றாம் கேள்வி, மணி என்ன? பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது இதுதான். ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் பெட்டி நாளும் நேரமும் எழுதுகிறது. அந்நேரத்தைக் கணிப்பொறியின் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை உடையது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி, பிழை 1.7 வினாடி. மாதத்திற்கு ஏறத்தாழ 50 வினாடி. டல்லாஸில் உலகத்தைக் குழப்பியதும் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான்! ஆகவே கணிப்பொறி இணையத்தின் நேரச் சேவையோடு தன் கடிகாரத்தை நாள்தோறும் சரிபார்த்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்பதையும் பாருங்கள். அது தவறினால் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

செப்புக் கம்பித் தொலைபேசி குறைந்துவருகிறது. இணைய வழியே செல்லும் பேச்சில் இருவர் குரலும் தனித்தனிப் பொட்டலங்களாக வருவதால், அவற்றைத் தனித்தனியே பதியவும் முடிகிறது. இணைக்கும் இடம் மாறியிருக்கிறது, கேள்விகள் மாறவில்லை.

குரல் சாட்சியாகும்போது

நான்காம் கேள்வி, யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் இக்கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1964இல் பம்பாயில் நடந்த ஒரு லஞ்ச வழக்கில், மருத்துவர் ஒருவரின் இசைவோடு அவருடைய தொலைபேசியில் காவல்துறையினர் ஒலிப்பதிவுக் கருவியை இணைத்து, எதிர்முனையில் இருந்தவர் பேசியதைப் பதிந்தார்கள். அதைச் சான்றாக ஏற்கலாம் என்று 1972இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985இல் மற்றொரு வழக்கில், எத்தகைய பதிவை ஏற்கலாம் என்று விரித்துக் கூறியது. குரல் இன்னாருடையது என்று தெரிய வேண்டும். எதையும் அழிக்கவோ சேர்க்கவோ இல்லை என்று நிறுவ வேண்டும். பதிவைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். ஒலி தெளிவாக இருக்க வேண்டும். தொலைபேசிப் பேச்சும் ஒருவரின் அந்தரங்க உரிமையைச் சேர்ந்தது, உரிய சட்டமுறையின்றி அரசு அதை ஒட்டுக்கேட்கக் கூடாது என்று 1996இல் அதே நீதிமன்றம் கூறியது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது. அதன் படிவத்தில் 'ஹேஷ்' என்ற எண்ணைக் குறிக்க வேண்டும். பதிவின் எல்லாப் பிட்டுகளையும் ஒரு கணக்கு முறையில் செலுத்திப் பெறும் கைரேகை போன்றது அது. பதிவில் ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். பதிந்த அன்றே அதைக் கணக்கிட்டுத் தனியே குறித்து வைத்தால், பின்னாளில் எவர் கைவைத்தாலும் தெரிந்துவிடும். அழிக்கக்கூடிய ஆவணத்தை எப்படி நம்புவது என்று பௌல்சன் காலத்தில் எழுந்த கேள்விக்கு இது ஒரு விடை.

ஆனால் மறைவாகப் பதிந்ததா, சொல்லிவிட்டுப் பதிந்ததா என்பதை ஹேஷ் எண் சொல்லாது. அது பெட்டியை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. அலுவலகத்தில் இத்தகைய பெட்டியை நீங்கள் பொருத்த நேர்ந்தால், அறிவிப்புக் குரலையும் முதல் நாளே சேர்த்துப் பொருத்துங்கள். பதிவுகளை யார் கேட்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பது, பிறகு எப்படி அழிப்பது என்பதையும் எழுதி வையுங்கள்.

பெல்லும் வாட்சனும் ஒரு சொல்லில் வேறுபட்டார்கள். அதனால் யாருக்கும் கேடில்லை. டல்லாஸில் ஒலி இருந்தது, நேரம் இல்லை. சான்றே மாறிப் பேசியது. பெட்டி பேச்சைப் பிடித்துவைக்கும். ஆனால் அது நம்பத்தக்க சாட்சியாவது, பொருத்துபவர் அந்த நான்கு கேள்விகளுக்கும் பொறுமையாக விடை கண்ட பிறகுதான்.